கழற்றிப் பூட்டிய கிளட்ச் ஏன் விடுவதில்லை?

புது கிளட்ச் பிளேட் போட்டாயிற்று. கவரை மூடி, ஆயில் ஊற்றி, கேபிளையும் மாட்டியாயிற்று. லிவரை முழுக்கப் பிடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டால் வண்டி துள்ளி முன்னே போகிறது. இல்லையென்றால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. கழற்றுவதற்கு முன்பு கிளட்ச் வழுக்கியது, அவ்வளவுதான். இப்போது அது விடுவதே இல்லை.

மோட்டார் சைக்கிளில் பல தட்டுக் கிளட்ச் இடம்பிடித்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வியும் இருக்கிறது. பதில்களுக்கும் பஞ்சமில்லை. கேபிளை இறுக்கச் சொல்வார் ஒருவர். பிளேட் ஒட்டிக்கொண்டது என்பார் இன்னொருவர். ஆயில் சரியில்லை, ஹவுசிங் தேய்ந்துவிட்டது, ஏதோ ஒரு வாஷர் விட்டுப்போயிற்று என்று பட்டியல் நீளும். இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்து எஞ்சினில் முழு உண்மையாக இருந்தவை. அந்த எஞ்சின் வழக்கொழிந்த பிறகும் பதில் மட்டும் பட்டறையில் தங்கிவிட்டது என்பதுதான் சிக்கல். எந்தப் பதில் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும் என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மில்லிமீட்டரில் ஒரு பங்கு

கிளட்ச் ஹவுசிங் எஞ்சினோடு சுற்றுகிறது. நடுவிலுள்ள ஹப் கியர்பாக்ஸ் தண்டோடு சுற்றுகிறது. உராய்வு பிளேட்டுகளின் வெளிப்பற்கள் ஹவுசிங்கின் பிளவுகளிலும், ஸ்டீல் பிளேட்டுகளின் உட்பற்கள் ஹப்பின் வரிப்பள்ளங்களிலும் பொருந்துகின்றன. ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட்டின் வழியாக இந்த அடுக்கை நெருக்கிப் பிடிக்கின்றன. லிவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட் சற்றே விலக வேண்டும்.

இந்தச் ‘சற்றே’ எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து உராய்வு பிளேட் உள்ள கிளட்ச்சில் உராயும் முகங்கள் 10. பிரஷர் பிளேட் 1.5 மி.மீ. விலகினால் ஒரு முகத்துக்குக் கிடைக்கும் இடைவெளி 0.15 மி.மீ. மட்டுமே. ஸ்டீல் பிளேட் எவ்வளவு கோணலாக இருக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளர்களின் கையேடுகள் தரும் எல்லை வண்டிக்கு வண்டி மாறி, ஏறக்குறைய 0.05 முதல் 0.3 மி.மீ. வரை வருகிறது. கிடைக்கும் இடைவெளியும் பொறுத்துக்கொள்ளப்படும் கோணலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே அரை மில்லிமீட்டர் விலகல் எங்கோ தொலைந்தாலும் கிளட்ச் அதை மன்னிப்பதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. லிவரைப் பிடித்தபின் வண்டி மெல்ல இழுப்பது, நியூட்ரல் கிடைக்காமல் திணறுவது ஆகியவை அரைகுறை விடுபடல். லிவரைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுபோலவே இருப்பது முழு விடுபடாமை. இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு. பழைய பதில்களில் பாதி, முன்னதற்குச் சொன்னதைப் பின்னதற்கும் சேர்த்துச் சொல்வதால்தான் பிசகுகின்றன.

கேபிளைத் திருகும் வழி

மிகப் பரவலான பதில், கேபிளின் ஃப்ரீ ப்ளே. இது கையேடுகளின் குறைகாண் அட்டவணைகளிலிருந்து வருகிறது. கிளட்ச் விடவில்லை என்ற வரிக்கு நேரே ‘லிவர் தளர்வு அதிகம்’ என்பதே அங்கு வழக்கமாக முதலில் நிற்கும். ஹோண்டா வகைச் சிறு வண்டிகளில் லிவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்கலாம் என்பது தெரிந்த கணக்கு. அதற்கு மேல் போனால், லிவரின் பயணத்தில் ஒரு பகுதி வீணாகிறது.

இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. பிளேட் மாற்றிய பிறகு அந்த உண்மை கூடுகிறது. பிளேட்டுகள் தேயத் தேயப் பிரஷர் பிளேட், தள்ளும் உறுப்பை நோக்கி நகரும், தளர்வு குறையும். அதற்கேற்ப ஆண்டுக்கணக்கில் திருகி வைத்த கேபிள் அளவு, தடித்த புதுப் பிளேட் போட்டதும் பொருந்தாமல் போகிறது. தளர்வு திடீரெனக் கூடுகிறது.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கேபிள் அட்ஜஸ்டர் தளர்வை மட்டும்தான் எடுக்கும். தள்ளும் கை தவறான கோணத்தில் நின்றால் அதைத் திருத்தாது. உள்ளே லாக் நட்டோடு கூடிய அட்ஜஸ்ட் ஸ்குரூ இருக்கும் எஞ்சின்களில் முதலில் அதைச் சரிசெய்து, பிறகே கேபிளுக்கு வர வேண்டும். வரிசையை மாற்றினால் வெளியே லிவர் இறுக்கமாக இருக்கும், உள்ளே விலகல் போதாமல் இருக்கும். குறையை மறைத்துவிடும் என்பதால் கேபிளைத் திருகுவதை முதல் வேலையாக ஏற்க முடியவில்லை.

வெலோசெட் இந்த விஷயத்தில் ஒரு தனிப்பாடம். பர்மிங்ஹாமின் ஹால் கிரீனில் 1971இல் மூடப்பட்ட அந்த நிறுவனத்தின் வண்டிகளில், செயின் ஸ்பிராக்கெட்டின் துளை வழியே ஒரு முளையை உள்ளே செருகி, ஸ்பிரிங் தாங்கியைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தைச் சுற்றித்தான் கிளட்ச்சை அமைக்க வேண்டும். கேபிளைத் திருகி அதைச் சரிசெய்ய முயன்றவர்கள் கிளட்ச்சைக் கெடுத்தார்கள். வெலோசெட் கிளட்ச் மோசம் என்ற பேரும் பரவியது. அமைப்பு வேறாக இருந்ததே தவிர மோசமாக இருக்கவில்லை.

ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள்

பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்ற விளக்கத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பொறியாளர் ஹென்றி செல்பி ஹெல்-ஷா உருவாக்கிய, வி வடிவப் பள்ளமுள்ள தட்டுகளைக் கொண்ட கிளட்ச் எண்ணெயில் மூழ்கி வேலை செய்தது. பின்னாளில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் உராய்வுக்காகக் கார்க் துண்டுகள் பதிக்கப்பட்டன. இரவெல்லாம் ஸ்பிரிங் அழுத்தத்தில் கிடந்த கார்க், காலையில் ஸ்டீலை விடாது. ஆகவே ஸ்டார்ட் செய்யும் முன் லிவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை மிதிப்பது வழக்கமாயிற்று. அந்தப் பழக்கத்தை நம் ஊர்ப் புல்லட்காரர்கள் இன்றும் கைவிடவில்லை. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வண்டிகளோடு அது இங்கே வேரூன்றியது.

எண்ணெய்ப் படலம் இடையே இருக்கும் இரண்டு சமதளங்கள் நனைந்த கண்ணாடித் துண்டுகளைப் போல ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்; நேராக இழுத்துப் பிரிப்பது கடினம், வழுக்கிப் பிரிப்பது எளிது. கிக்கரை மிதிப்பது அந்த வழுக்கலைத் தருகிறது. எனவே இந்த விளக்கம் இயற்பியலோடு பொருந்துகிறது.

ஆனால் ஒட்டிய பிளேட் எஞ்சின் சூடானதும் விட வேண்டும். கியரில் போட்டு, முன்பிரேக் பிடித்து, லிவரைப் பிடித்தபடி ஒருமுறை உந்தினாலே பெரும்பாலும் விட்டுவிடும். இவ்வளவுக்குப் பிறகும் விடாத கிளட்ச்சுக்கு ஒட்டுதலைக் காரணமாகச் சொல்வது, தேடலை அத்துடன் நிறுத்திவிடும் சோம்பல்.

ஆயிலின் பங்கு

ஆயில் மீதான குற்றச்சாட்டு ஒப்பீட்டளவில் புதியது. காருக்கான ஆயில்களில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வு குறைக்கும் சேர்மங்கள் கூடியபோது, எஞ்சினும் கிளட்ச்சும் ஒரே ஆயிலைப் பகிரும் மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. ஜப்பான் 1998இல் ஜாசோ டி 903 தரத்தைக் கொண்டுவந்து எம்ஏ, எம்பி என்று பிரித்தது. 2006இல் எம்ஏ1, எம்ஏ2 உட்பிரிவுகள் வந்தன. ஆயில் டப்பாவின் பின்புறம் இந்த எழுத்துகளைப் பார்க்கலாம்.

அந்தத் தரம் எழுந்தது வழுக்கலைத் தடுக்க. வழுவழுப்பான ஆயிலால் கிளட்ச் பிடிக்காமல் போகலாம். விடாமல் போவதற்கு அது காரணமாவது அரிது. குளிர்ந்த, கெட்டியான ஆயில் பிளேட்டுகளுக்கிடையே இழுவையைக் கூட்டும் என்பது மட்டும் நிச்சயம். அதுவும் சூடேறினால் குறையும். முழு விடுபடாமைக்கு ஆயிலை மாற்றிப் பார்ப்பது பணத்தைக் கொட்டுவதுதான்.

தள்ளும் உறுப்புகள்

கேபிளுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஒரு சங்கிலி இருக்கிறது: கை, கேம் அல்லது மரை, புஷ் ராடு, அதன் முனையில் அல்லது நடுவில் ஸ்டீல் பால், சில வண்டிகளில் ஒரு பேரிங். கழற்றும்போது முதலில் தொலைவது அந்தப் பால்தான். கிரீஸில் ஒட்டி ராடோடு வெளியே வந்து, துடைக்கும் துணியில் போய்விடும். இரண்டு துண்டு புஷ் ராடுக்கு நடுவே பால் வைக்கும் யமஹா ஆர்எக்ஸ்100 போன்ற வண்டிகளில் பால் இல்லையென்றால், அதன் விட்டம் அளவுக்கு மொத்த நீளம் குறைகிறது. எந்தக் கேபிளாலும் அதை ஈடுகட்ட முடியாது.

அடுத்தது கோணம். கேபிள் இழுக்கும் கை, விலகல் நடக்கும் வேளையில் கேபிளுக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்க வேண்டும். பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினால், கேபிள் ஓடிய தூரத்தில் ஒரு பகுதிதான் கேமைச் சுற்றும். எஞ்சின் உடலிலும் கையிலும் அடையாளக் கோடு வைக்கும் தயாரிப்பாளர்கள் இதற்காகவே வைக்கிறார்கள்.

1960களின் பிற்பகுதியில் வந்த நார்டன் கமாண்டோ இந்த வகைக் குறைக்குப் பேர்போனது. கேபிளைக் கழற்றியதும் கியர்பாக்ஸ் கவருக்குள் இருக்கும் லிவர் கீழே சரிந்துவிடும். அதைத் தூக்கி இடத்தில் வைக்காமல் கேபிளை மாட்டினால், எவ்வளவு திருகினாலும் தளர்வு தீராது. அந்த அமைப்பைப் பிடித்திருக்கும் வளைய நட் தளர்ந்தாலும் இதே விளைவு. மைசூரில் ஐடியல் ஜாவா 1961 முதல் 1996 வரை செய்த வண்டிகளிலோ வேறொரு சிக்கல்: கியரைக் காலால் மிதிக்கும்போதே கிளட்ச்சும் விடுபடும் அமைப்பு அவற்றில் உண்டு. கைக்கும் காலுக்கும் ஒரே உள் அமைப்பு ஈடுகொடுக்க வேண்டும்.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிளின் இடத்தை எண்ணெய்க் குழாய் பிடிக்கிறது. குழாயைத் திறந்து மூடியிருந்தால் காற்று புகுந்ததா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மினரல் ஆயில் கேட்கும் அமைப்பில் பிரேக் ஆயிலை ஊற்றுவது சீல்களை அழிக்கும்.

அடுக்கும் வரிசையும் வாஷரும்

கழற்றிப் பூட்டிய கிளட்ச் என்ற நிபந்தனையோடு கேள்வியைக் கேட்டால், எடை அதிகம் பெற வேண்டிய பகுதி இதுதான். நேற்றுவரை விட்ட கிளட்ச் இன்று விடவில்லையென்றால், நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவே மாறியது பூட்டிய விதம்.

பூட்டும் பிழைகளில் மிகக் கொடியது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஹவுசிங் ஒரு புஷ்ஷின் மேல் சுற்றுகிறது. அந்தப் புஷ், ஹவுசிங்கின் மையப் பகுதியைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கும். ஹப்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரு த்ரஸ்ட் வாஷர் வரும். ஹப் நட்டை முழு முறுக்கில் இறுக்கும்போது அழுத்தம் புஷ்ஷின் மேல் விழுந்து ஹவுசிங் தடையின்றிச் சுழல வேண்டும். வாஷர் விட்டுப்போனாலோ, முன்னும் பின்னும் இடம் மாறினாலோ, வேறு வண்டியின் குட்டைப் புஷ் போட்டாலோ, நட் இறுகியதும் ஹப்பும் ஹவுசிங்கும் ஒரே கட்டையாகிவிடுகின்றன. இனி பிளேட்டுகள் முழுதாக விலகினாலும் பயனில்லை. நட்டைக் கையால் மட்டும் இறுக்கிச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும்; ஸ்பானர் போட்டதும் பிடித்துக்கொள்ளும். எந்த அட்ஜஸ்ட்மென்டுக்கும் அசையாத கிளட்ச்சில் இதையே முதலில் சந்தேகிக்கலாம் என்பது என் துணிபு.

இதற்கு நேர்மாறாக, அளவுக்கு மேல் குற்றம் சாட்டப்படும் பிழை ஒன்று உண்டு: பிளேட் வரிசை மாறிவிட்டது என்பது. இரண்டு ஸ்டீல் பிளேட் அடுத்தடுத்து வந்தால் இரண்டுமே ஹப்போடு சுற்றும். இரண்டு உராய்வு பிளேட் சேர்ந்தால் இரண்டுமே ஹவுசிங்கோடு சுற்றும். உராயும் முகங்கள் குறைவதால் கிளட்ச் வழுக்கும். விடாமல் இருக்க இது மட்டும் காரணமாகாது. எண்ணிக்கை கூடி அடுக்கு தடித்துவிட்டால்தான் கதை வேறு. அப்போது பிரஷர் பிளேட் வெளியே தள்ளி நிற்கும். தள்ளும் உறுப்பு எட்டாது.

ஸ்ப்ளெண்டர் போன்ற ஹோண்டா வழி எஞ்சின்களில் பிரஷர் பிளேட் உள்பக்கமும் ஹப் வெளிப்பக்கமும் இருக்கும். இரண்டையும் பிளேட்டுகளோடு சேர்த்து ஒரே கட்டாகவே உள்ளே செருகுகிறார்கள். பிரஷர் பிளேட்டின் பற்கள் ஹப்பின் பள்ளங்களில் அமராமல் மேலேறி நின்றாலோ, ஒரு ஸ்டீல் பிளேட் வரிப்பள்ளத்தை விட்டு நழுவி இடுக்கில் விழுந்தாலோ, ஸ்பிரிங் போல்ட்டை இறுக்கும்போது அது வளைந்து நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில், சிறிது சிறிதாக இறுக்கச் சொல்வதன் காரணம் இதுவே. பிரஷர் பிளேட்டிலும் ஹப்பிலும் குறி இருக்கும் வண்டிகளில் அவற்றை நேராக்காமல் பூட்டுவதும் இதே குடும்பத்துப் பிழை.

நடுக்கம் தணிக்கும் கூம்பு வடிவ ஸ்பிரிங் கொண்ட கிளட்ச்சுகளில், உள்விட்டம் பெரிதான தனி உராய்வு பிளேட் ஒன்று உண்டு. அந்த இடத்தில் சாதாரணப் பிளேட்டைப் போட்டால் அது ஸ்பிரிங்கின் மேல் ஏறி நிற்கும். இப்போது பரவலாகிவரும் ஸ்லிப்பர் கிளட்ச்சுகளில் ஹப்பும் பிரஷர் பிளேட்டும் சரிவுகளால் கோக்கப்பட்டவை. சரிவு சரியாக அமராவிட்டால் பிரஷர் பிளேட் பாதியில் நின்றுவிடும். ஸ்பிரிங் மாற்றியிருந்தால் நீளத்தையும் பார்க்க வேண்டும். தேவையான விலகல் முடியும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டினால் அதற்கு மேல் பிரஷர் பிளேட் நகராது. பிஎஸ்ஏ, ட்ரையம்ப் போன்ற பழைய பிரிட்டிஷ் கிளட்ச்சுகளில் ஸ்பிரிங் நட்டுகளைச் சமமாக அமைக்காவிட்டால் பிரஷர் பிளேட் சாய்ந்து எழும். ஒரு பக்கம் விடும், மறுபக்கம் பிடிக்கும்.

தேய்ந்த ஹவுசிங்

அலுமினிய ஹவுசிங்கின் விரல்களில் உராய்வு பிளேட்டின் பற்கள் மோதி மோதிப் பள்ளம் விழுகிறது. பழைய பிளேட்டுகள் அந்தப் பள்ளங்களுக்குப் பழகியிருக்கும். புதுப் பிளேட்டுகளின் கூர்மையான பற்கள் அவற்றில் சிக்கிக்கொண்டு நகர மறுக்கும். பழைய பிளேட்டோடு விட்ட கிளட்ச் புதுப் பிளேட்டோடு விடாததற்கு இது நல்ல விளக்கம்.

மருந்தில்தான் கருத்து வேறுபாடு. அரம் போட்டுச் சமப்படுத்தலாம் என்பது ஒரு கட்சி; ஹவுசிங்கை மாற்ற வேண்டும் என்பது மறுகட்சி. அரம் போட்டால் பள்ளம் போகும், ஆனால் இடைவெளி அகன்று மோதலின் வேகம் கூடும்; பள்ளம் திரும்ப விரைவில் விழும். மேலோட்டமான தடத்துக்கு அரம், ஆழமான வெட்டுக்கு மாற்றம் என்ற நடுவழி நியாயமாகப் படுகிறது. எது மேலோட்டம், எது ஆழம் என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது.

பதில்களைப் பிரிக்கும் சோதனைகள்

மேலே கண்ட விளக்கங்கள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒவ்வொன்றும் வேறு இடத்தைச் சுட்டுகிறது. எனவே அவற்றைத் தரவரிசைப்படுத்துவதைவிட, எது பொருந்தும் என்று காட்டும் சோதனைகளே உதவும்.

பிளேட்டுகள் எதுவும் இல்லாமல் ஹவுசிங்கையும் ஹப்பையும் மட்டும் பூட்டி, நட்டை முழு முறுக்கில் இறுக்கி, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். சக்கரம் எளிதாகச் சுற்றி, ஹவுசிங் அசையாமல் நின்றால் வாஷரும் புஷ்ஷும் சரி. ஹவுசிங்கும் கூடவே சுற்ற முயன்றால் குற்றம் அங்கேதான். கேபிளைத் தொட வேண்டாம். அடுத்து, பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்கும் இல்லாமல் பிளேட்டுகளை மட்டும் அடுக்கி அதே சோதனை. லேசான ஆயில் இழுவை இருக்கலாம். கடினமாகப் பிடித்தால் கோணல், பள்ளம், தவறான பிளேட் ஆகியவற்றில் ஒன்று. கடைசியாக ஸ்பிரிங்குகளையும் போட்டு, லிவரைப் பிடித்துப் பிரஷர் பிளேட் எவ்வளவு விலகுகிறது, நேராக விலகுகிறதா என்று அளக்க வேண்டும். விலகல் குறைவென்றால் மட்டுமே தள்ளும் உறுப்புகளும் கேபிளும் விசாரணைக்கு வரும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. தள்ளும் அமைப்பு வலப்பக்கக் கவரிலேயே இருக்கும் எஞ்சின்களில் கவரை மூடிய பிறகுதான் லிவர் வேலை செய்யும். கடைசிச் சோதனையைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அங்கே கவரைப் பொருத்தும்போது லிஃப்டரும் பேரிங்கும் நேருக்கு நேர் அமர்கின்றனவா என்பதைக் கையுணர்வால்தான் அறிய வேண்டியிருக்கிறது.

தீராதவை

சில கேள்விகளுக்கு உறுதியான விடை தென்படவில்லை. புது உராய்வு பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைக்கச் சொல்லும் அறிவுரை நியாயமானது. உலர்ந்த பிளேட் தொடக்கத்தில் கருகக்கூடும். எவ்வளவு நேரம் என்பதில் சில நிமிடம் முதல் ஓர் இரவு வரை பல அறிவுரைகள் உலவுகின்றன. விடுபடாமைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நம்ப வலுவான காரணம் இல்லை. ஸ்டீல் பிளேட்டின் கூர் விளிம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதிலும் கையேடுகள் ஒன்றுபோல் பேசுவதில்லை. ஒரு முகத்துக்குக் குறைந்தது எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் எண்ணைத் தர முடியாது. பிளேட்டின் அளவும் ஆயிலின் தன்மையும் அதை மாற்றும். கடையில் வாங்கும் மாற்றுப் பிளேட்டுகளின் தடிமன் அசலோடு பொருந்துகிறதா என்பதை வாங்குபவர் வெர்னியரால் அளந்தால் ஒழிய அறிய முடியாது. பல உடைமையாளர்களுக்கு அந்த அசல் அளவே கையில் கிடைப்பதில்லை என்பது பெருங்குறை. பிளேட் தடிமன், அடுக்கின் மொத்த உயரம், கோணல் எல்லை ஆகிய மூன்றையும் உடைமையாளர் கையேட்டிலேயே, தமிழ்ப் பதிப்பிலும் சேர்த்து, தயாரிப்பாளர்கள் அச்சிட வேண்டும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது இது: அடுத்த முறை கிளட்ச்சைக் கழற்றும்போது வாஷர், புஷ், பிளேட் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்து, பழைய அடுக்கின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.